கரண்ட் அட்டையிலிருந்து ஒரு பாடம்

டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சிக்கன நாள். அதையொட்டிப் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும். அப்படி ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். அறுபது சொச்சம் சார்ட்டுகளில் ஏறக்குறைய ஒரே படம்தான். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் புகைபோக்கி, கறுப்புப் புகை, பட்ட மரம், கண்ணீர் விடும் பூமி. வலப்பக்கம் காற்றாலை, சூரியத் தகடு, பச்சைப் புல், பல் தெரியச் சிரிக்கும் சூரியன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும், புகைபோக்கியை நோக்கித் தூக்குவாளியோடு சைக்கிளில் போகும் ஓர் ஆளையும் சேர்த்து வரைந்திருந்தான். யாரென்று கேட்டேன். “எங்கப்பா சார். அங்கதான் கான்ட்ராக்ட்ல இருக்காரு” என்றான். மற்ற நடுவர்கள் அவன் படத்தில் கருத்துத் தெளிவு குறைவு என்றார்கள். பரிசு இன்னொரு சிரிக்கும் சூரியனுக்குப் போனது.

புதைபடிவ எரிபொருளையும் மாற்று எரிசக்தியையும் நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருகிறோம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அந்தத் தூக்குவாளிதான் நினைவுக்கு வருகிறது. நல்லது எது, கெட்டது எது என்று பக்கம் பிரிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம். கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கவில்லை. பாடத்திட்டம், ஆசிரியர், சோதனைக்கூடம், வெளிநாட்டு அனுபவம் என்று எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குறை இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

முதல் கோளாறு சொல்லிலேயே இருக்கிறது. ‘மரபுசாரா ஆற்றல் மூலங்கள் யாவை?’ என்பது தலைமுறை தலைமுறையாக வரும் இரண்டு மதிப்பெண் வினா. யாருடைய மரபு? தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் வெயிலை நம்பித்தான் உப்பு விளைகிறது. களத்துமேட்டில் காற்று பார்த்துத்தான் நெல் தூற்றினோம். பாய்மரம் காற்றில் ஓடியது. வற்றலும் வடகமும் கருவாடும் இன்றும் மொட்டைமாடியில் காய்கின்றன. நிலக்கரிதான் நம் வீட்டுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. மத்திய அரசின் அமைச்சகம்கூட 2006இல் ‘மரபுசாரா’ என்ற பெயரை உதறிவிட்டுப் ‘புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி’ என்று மாறிக்கொண்டது. வினாத்தாள்கள் விடுவதாக இல்லை. சொல் தவறாக விழுந்தால், வெயிலும் காற்றும் அண்மையில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஏதோ நூதனம் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

சட்டப்படி இந்தியாவில் சுற்றுச்சூழல் கல்விக்குக் குறைவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. சொன்னது நடக்காததால் 2003 டிசம்பரில் அதே வழக்கில் மறுபடியும் வலியுறுத்த வேண்டிவந்தது. அதன்பின் பாடங்கள் வந்தன. எப்படி வந்தன என்பதற்குத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் ‘சுற்றுச்சூழல் மேலாண்மை’ அலகைப் பார்க்கலாம். காடழிப்பு, மண்ணரிப்பு, நிலக்கரி, பெட்ரோலியம், சூரிய மின்கலம், சாண எரிவாயு, காற்றாலை, மின்னணுக் கழிவு, சாக்கடை நீர் என அத்தனையும் ஒரே அலகில் அடுக்கியிருக்கிறார்கள். புத்தகத்தில் அது கிட்டத்தட்டக் கடைசி அலகு. அதைத் தொடும் நேரத்தில் திருப்புதல் தேர்வு வந்துவிடும். “படிச்சிட்டு வந்துடுங்க, ஒரு மார்க் மட்டும் பாத்துக்கலாம்” என்று முடிப்பதைத் தவிர ஆசிரியருக்கு வேறு வழியில்லை.

மத்தியப் பாடத்திட்டத்தின் கதை வேறு மாதிரி. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘ஆற்றல் மூலங்கள்’ என்று முழு அத்தியாயமே இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, தனிம வரிசை அட்டவணையோடும் இயற்கை வளப் பாதுகாப்போடும் அதையும் எடுத்துவிட்டார்கள். 2023இல் எல்லோரும் பரிணாமக் கோட்பாடு நீக்கப்பட்டதைப் பற்றியே பேசினார்கள். ஆற்றல் அத்தியாயம் போனது பெரிய செய்தியாகவில்லை. பதினோராம் வகுப்பில் வணிகவியலோ வரலாறோ எடுக்கும் பிள்ளைக்கு எரிசக்தியை அறிவியலாகப் படிக்கப் பத்தாம் வகுப்பே கடைசி வாய்ப்பு என்பதை யாராவது யோசித்தார்களா என்று தெரியவில்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. 2021இல் யுனெஸ்கோ 100 நாடுகளின் தேசியக் கல்வித்திட்டங்களைப் புரட்டிப் பார்த்தபோது 47 விழுக்காட்டில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை. அமெரிக்க அறிவியல் ஆசிரியர்களிடம் எடுக்கப்பட்ட, 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, ஒரு கல்வியாண்டில் இந்தப் பொருளுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்று காட்டியது. ஏறக்குறைய பத்தில் மூன்று ஆசிரியர்கள், வெப்பம் கூடுவது இயற்கையான காரணங்களால் இருக்கலாம் என்றுகூடச் சொல்லித்தந்திருக்கிறார்கள். மறுபக்கம், நியூ ஜெர்சி மாநிலம் 2022 செப்டம்பரிலிருந்து அறிவியலில் மட்டுமன்றிக் கலை, உடற்கல்வி உட்படப் பல பாடங்களிலும் காலநிலையைச் சேர்த்தது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. தனிப் பாடமாக வைத்தால் தனியாக ஒதுக்கிவைப்பதும் எளிது.

பிள்ளைகள் மனத்தில் என்ன பதிகிறது? இங்கிலாந்தின் லிவர்பூலில் பாய்ஸ், ஸ்டானிஸ்ட்ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் மாணவர்களிடம் கேட்டபோது ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வந்தது. ஓசோன் ஓட்டை வழியாக வெயில் கூடுதலாக நுழைவதால்தான் பூமி சூடாகிறது என்று நம்பினார்கள். முப்பது ஆண்டு கழித்து நம் வகுப்பறைகளில் கேட்டுப் பாருங்கள், அதே பதில் வரும். இரண்டும் ‘காற்றில் ஏதோ கெட்டுப்போன’ கதை என்பதால் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த குழப்பம் அந்தக் கறுப்புப் புகை. கண்ணுக்குத் தெரியும் கரித்தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆனால் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அனல்மின் நிலையத்தின் அகலமான குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்புவது நீராவி. ஓவியப் போட்டியில் அதைத்தான் பயங்கரமாக வரைகிறார்கள். குற்றவாளியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்த கதை.

இதைச் சோதனையால் நேர்ப்படுத்தலாம் என்று பள்ளிகளில் ஒரு வித்தை செய்கிறார்கள். இரண்டு கண்ணாடிப் பாட்டில். ஒன்றில் சோடா உப்பும் வினிகரும் கலந்து உண்டாக்கிய கரியமில வாயு, மற்றதில் வெறும் காற்று. இரண்டையும் விளக்கடியில் வைத்தால் வாயுப் பாட்டில் சற்றுக் கூடுதலாகச் சூடேறும். கைதட்டல். ஆனால் 2010இல் ஓர் அமெரிக்க இயற்பியல் இதழில் வந்த கட்டுரை, இந்த வகைச் சோதனைகளில் விடை சரி, இயற்பியல் தவறு என்று காட்டியது. கரியமில வாயு கனமானது என்பதால் வெளிக்காற்றோடு கலப்பது தடைப்பட்டுத்தான் பெரும்பாலும் சூடு கூடுகிறது. வெப்பக் கதிரை வாயு உறிஞ்சுவது அங்கே சிறு பங்கு. 1856இலேயே அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு நிறைந்த வளிமண்டலம் பூமியைச் சூடாக்கும் என்று எழுதிவைத்தார். வெப்பக் கதிரைத் தனியே பிரித்து 1859இல் அளந்தவர் இயற்பியலாளர் டிண்டால். இந்த இருவர் கதையை அடுத்தடுத்துச் சொன்னாலே, ஒரு சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்ற பாடமும் சேர்ந்து நடந்துவிடும்.

என்னைக் கேட்டால் பாட்டிலைவிடத் தெருமுனை இஸ்திரி வண்டி நல்ல சோதனைக்கூடம். காலையில் இஸ்திரிக்காரர் பெட்டி நிறையக் கரி போடுகிறார். மாலையில் ஒரு கைப்பிடிச் சாம்பல் தட்டுகிறார். மிச்சக் கரி எங்கே போயிற்று? இந்தக் கேள்வியை ஆறாம் வகுப்பில் கேட்டால் “எரிஞ்சு போச்சு” என்பார்கள். போனது எங்கே என்று விடாமல் கேட்க வேண்டும். எடைக் கணக்கு பத்தாம் வகுப்பில் வரும். 12 கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிலோ கரியமில வாயுவாகிறது. எரிந்ததைவிட வெளியே போவது கனம் என்றதும் வகுப்பு முதலில் நம்பாது. நம்பாமல் இருப்பது நல்லது, அங்கிருந்துதான் வேதியியல் தொடங்குகிறது.

அடுத்த கேள்வியை யாராவது ஒரு பெண்பிள்ளை கட்டாயம் கேட்பாள்: இஸ்திரிக் கரியும் கரியமில வாயுதானே விடுகிறது, அதை ஏன் யாரும் திட்டுவதில்லை? அந்தக் கரியைத் தரும் சீமைக்கருவேலம் சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுத்த கார்பனைத் திருப்பித் தருகிறது. மரம் மறுபடி தழைத்தால் மறுபடி எடுத்துக்கொள்ளும். சுரங்க நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் பூட்டப்பட்டது. கைமாற்று வாங்கித் திருப்பித் தருவதற்கும் முப்பாட்டன் புதைத்துவைத்ததைத் தோண்டியெடுத்துத் தெருவில் இறைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த வரைபடத்தைப் பிள்ளைகளே வரைய வேண்டும். அச்சடித்துக் கொடுத்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடுவார்கள்.

கணக்குக்கு நான் சொல்லும் பாடநூல், ஒவ்வொரு வீட்டிலும் ஆணியில் தொங்கும் கரண்ட் அட்டை. அதில் ‘யூனிட்’ என்று போட்டிருக்கிறதே, அது எவ்வளவு? 36 லட்சம் ஜூல் என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். 15 லிட்டர் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போனால், தண்ணீரை உயர்த்த மட்டும் சுமார் 12,200 ஜூல். ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 300 குடம் ஏற்றலாம்! ஒருவர் நாள் முழுக்கச் சுமந்தாலும் முடியாத வேலை. அதற்கு நாம் கொடுப்பது சில ரூபாய், முதல் 100 யூனிட்டுக்கு அதுவும் இல்லை. நிலக்கரி உலகத்தை ஏன் இப்படி வளைத்துப்போட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகப் புரியவைக்க முடியாது. அதைப் புரிந்துகொள்ளாமல் ‘நிலக்கரியை ஒழிப்போம்’ என்று முழக்கம் எழுதுவதில் பயனில்லை.

அதே அட்டையில் மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. 75 வாட் பழைய மின்விசிறி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட், சுமார் 32 கிலோ வாயு. மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டினால் 18 யூனிட். வகுப்பில் நாற்பது பேர் வீட்டு அட்டையைக் கொண்டுவந்து பட்டியல் போடட்டும். ஏ.சி. உள்ள வீடும் ஒற்றை விளக்கு வீடும் அதே பட்டியலில் வரும். யாரையும் கூசவைக்காமல் அதைக் கையாள்வது ஆசிரியரின் பக்குவம். எல்லோரும் சேர்ந்து பூமியைக் கெடுத்தோம் என்ற பொத்தாம்பொதுப் பாடத்தைவிட இது உண்மைக்கு நெருக்கமானது.

ஊரைப் பாடமாக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு அந்தக் கொடுப்பினை நிறையவே உண்டு. நெய்வேலியில் 1930களில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்த பொருள் பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் தொடங்கி, 1962இல் மின்சாரம் வந்தது. ஒரு பின்தங்கிய வட்டாரத்தில் வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் அதனால் வந்தன. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும் என்பதும், 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் விடும் பயிருக்கு மேல் பொக்லைன் ஓடியதும் அதே கதையின் பக்கங்கள். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. இறால் பிடிக்கப் போனவர்களுக்குச் சகதிதான் மிஞ்சியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெயும் படர்ந்தது. கந்தக வாயுவைக் கட்டுப்படுத்த அனல்மின் நிலையங்களுக்கு 2015இல் விதி போட்டு, கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். இது மேல்நிலை வகுப்பில் குடிமையியல் பாடமாக வேண்டியது.

காற்றுக்கும் வெயிலுக்கும் இதே கண்டிப்பு பொருந்த வேண்டும். 1986இல் தூத்துக்குடிக் கடற்கரையில் சோதனைக்கு நட்ட காற்றாலைகள், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் கயத்தாறுக்கும் பரவி, இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கின்றன. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை பிய்த்துக்கொண்டு அடிக்கும் காற்று, கார்த்திகையில் படுத்துவிடும். கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. மானாவாரிச் சீமையில் அத்தனை தகட்டிலும் படியும் புழுதியைத் துடைப்பதே தனி வேலை. ராத்திரியில் உற்பத்தி பூஜ்யம். அந்த 648ஐ 24 மணி நேரத்தால் பெருக்கி வரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் உண்மையில் கிடைக்கும்.

பத்திரிகை படிக்கும் பெரியவர்களே தடுக்கி விழும் இடம் இது. 2025இல் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி முதலிய புதைபடிவ எரிபொருள் சாராததாக ஆனது. உண்மைதான். ஆனால் அந்த நிலையிலும் ஓடிய மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. அதுவும் உண்மை. நிறுவுதிறனுக்கும் உற்பத்திக்கும் உள்ள வேறுபாட்டை ஒன்பதாம் வகுப்பில் புரியவைத்துவிட்டால், வாழ்நாள் முழுக்க எந்த விளம்பரமும் அவர்களை ஏமாற்ற முடியாது. விகிதக் கணக்கு தெரிந்தால் போதும்.

மிச்சமான காற்று மின்சாரத்தை எங்கே வைப்பது என்று கேள்வி வரும்போது பேட்டரிக்கு முன்னால் ஆனைமலையின் காடம்பாறையைக் காட்டலாம். மின்சாரம் உபரியாக இருக்கும்போது கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கும் நிலையம், 1980களிலிருந்து இயங்குகிறது. மலைக்கோட்டைக்குக் குடம் சுமந்த கணக்கு இங்கே திரும்பி வந்து கைகொடுக்கும். இவ்வளவு அருமையான உதாரணம் கோவை மாவட்டத்திலேயே இருக்க, நம் பிள்ளைகள் ஃபிரான்ஸ் நாட்டு ஓத மின் நிலையத்தின் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்.

பாடப் பொருளை யார் தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெய்த் தொழிலின் பணத்தில் நடக்கும் ஒரு வாரியம் பள்ளிகளுக்கு இலவசக் கதைப்புத்தகம் அனுப்புகிறது. ‘பெட்ரோ பீட்’ என்ற சிறுவன், பெட்ரோலியத்தால் ஆன பொருள் எதுவுமே இல்லாத உலகத்தைக் கெட்ட கனவாகக் காண்பது அதில் ஒரு கதை. நம் பள்ளிகளுக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் சார்ட்டும் கிட்டும் வருகின்றன. நிலக்கரி நிறுவனம் தந்தாலும் சரி, சோலார் நிறுவனம் தந்தாலும் சரி, ‘இதில் எழுதாமல் விட்டது என்ன?’ என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்ல வேண்டும். இதில் நமக்கென்று ஒரு நல்ல வழக்கமும் உண்டு. 1993இலிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊரையே ஆராய்கிறார்கள். 2012, 2013 ஆண்டுகளில் அதன் மையப்பொருளே ஆற்றல்தான். தெருவிளக்கை எண்ணுவதும் அடுப்புக்கு எத்தனை விறகு போகிறது என்று நிறுப்பதும் அங்கே ஆய்வு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் இதற்காக ஓடியாடியதை அறிந்தவர்கள் அறிவார்கள். ஆனால் அது ஆர்வமுள்ள சிலரோடு நின்றுவிடுகிறது. பின்வரிசைப் பையனை எட்டுவதில்லை.

பயமுறுத்துவதும் பலன் தராது. 2021இல் இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில் 59 விழுக்காட்டினர் காலநிலையை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். கண்ணீர் விடும் பூமியைப் பார்த்துப் பார்த்து அலுத்த பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரைச் சுழற்றி எல்.இ.டி. எரியவைப்பது, சின்ன சூரியத் தகட்டில் ஒரு வேப்பிலையை வைத்து மின்சாரம் எவ்வளவு விழுகிறது என்று அளப்பது, பள்ளி மாடியில் மூன்று கிலோவாட் போட்டால் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வருமே, அது எத்தனை விசிறிக்குப் போதும் என்று பார்ப்பது, எல்லாமே ஒரு பீரியடுக்குள் முடியும்.

அந்தப் பையனின் அப்பாவுக்கு வருகிறேன். அனல்மின் நிலையம் ஒருநாள் மூடப்படும். எண்ணூரின் பழைய நிலையம் 2017இல் மூடப்பட்டது. அங்கே கான்ட்ராக்டில் இருப்பவர் என்ன செய்வார், வேறு என்ன தொழில் கற்கலாம், சாம்பல் படிந்த ஆற்றை யார் சுத்தம் செய்வது என்பதெல்லாம் மாற்று எரிசக்திப் பாடத்தின் பிற்சேர்க்கை அல்ல, பாடமே அதுதான். அப்பாவைக் குற்றவாளியாக்காமல், புகைக்கும் சப்பைக்கட்டு கட்டாமல் இதைப் பேச முடிந்த ஆசிரியரை உருவாக்கப் பயிற்சி வேண்டும். ஒருநாள் ஆன்லைன் பயிற்சி போதாது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு காலநிலைக் கல்விக்கெனத் தனிக் கொள்கை வரும், பள்ளிதோறும் அதற்கான மன்றம் வரும் என்று அறிவித்தது. வரட்டும். அந்த மன்றங்கள் இன்னொரு ஓவியப் போட்டியோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர்கள் கையிலும் பெற்றோர் கையிலும் இருக்கிறது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளிக்கும் ஒரு மீட்டர் இருக்கிறது, அதன் கரண்ட் பில்கள் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கின்றன. அவற்றை வகுப்புக்கு எடுத்துவர எந்த அரசாணையும் வேண்டாம்.